லிக்விடேட்டரை மாற்றக் கேட்கலாமா? ஆலை கஞ்சிக்கோடு, கம்பெனி கோவை, பேங்க் பக்கம் உட்கார்ந்திருப்பவர் அவருடைய பார்ட்னர்

சித்தூர்க்காரன்

கஞ்சிக்கோட்டில் ஓடிக்கொண்டிருந்த ஒரு ரீரோலிங் மில். கம்பெனியின் ரெஜிஸ்டர்டு ஆபீஸ் கோவை. கடன் கட்ட முடியாமல் இன்சால்வன்சிக்குப் போய், எந்த மீட்புப் பிளானும் தேறாமல், லிக்விடேஷன் ஆர்டர், அதாவது சொத்தை விற்றுக் கம்பெனியைக் கலைக்கும் உத்தரவு, வந்து 7 மாதம் ஆகிறது. முதலில் ஆர்பியாக (இன்சால்வன்சியை நடத்தும் ரெசல்யூஷன் புரொஃபஷனல்) இருந்தவரே இப்போது லிக்விடேட்டர், அதாவது சொத்தை விற்றுப் பணத்தைப் பிரித்துக் கொடுப்பவர். ஸ்கிராப், ஃபர்னஸ் ஆயில், லாரி வாடகை என்று பாக்கி நிற்பது 11 சப்ளையர்களுக்கு. ஏழு பேர் சித்தூர், கொழிஞ்சாம்பாறை, வாளையார்ப் பக்கம்; மற்றவர்கள் கோவை. எல்லோரும் பாக்கியைக் கேட்கும் ஃபார்ம் சி போட்டாயிற்று. ஏற்றுக்கொண்ட தொகை மொத்தம் 1.62 கோடி. பாக்கி வர வேண்டியவர்கள் உட்காரும் கன்சல்டேஷன் கமிட்டியில், கடன் கொடுத்த பேங்கின் ஓட்டு மட்டும் 84%.

மூன்று விஷயம் உறுத்துகிறது.

ஒன்று: லிக்விடேட்டர் ஒரு இன்சால்வன்சி புரொஃபஷனல் என்டிட்டியில் (இந்த வேலை செய்பவர்களின் நிறுவனம்) டைரக்டர். அதே என்டிட்டியின் இன்னொரு டைரக்டர் கமிட்டிக் கூட்டத்தில் பேங்க் சார்பில் உட்கார்ந்து பேசினார்.

இரண்டு: கணக்கு சரிபார்க்க லிக்விடேட்டர் வைத்திருக்கும் சிஏ நிறுவனம், முன்னே இதே கம்பெனிக்கு ஆடிட் செய்தது.

மூன்று: ஏலத்துக்கு வரப்போவதாகப் பேச்சு அடிபடும் பார்ட்டியின் டாக்ஸ் கன்சல்டன்ட்டும் லிக்விடேட்டரும் கோவையில் ஒரே கட்டடத்தில் ஆபீஸ் வைத்திருக்கிறார்கள்.

இதை வைத்து அவரை எடுக்கச் சொல்லி மனு போட முடியுமா? யார் போடலாம், எங்கே போடுவது?

---

கக்கநாடு வழி

ஆலை பாலக்காடு மாவட்டம்தானே. கம்பெனி வழக்குகளைப் பார்க்கும் டிரிப்யூனலான என்சிஎல்டியின் கொச்சி பெஞ்ச்சில் போடுங்கள். அது இருக்கும் கக்கநாடு உங்களுக்கும் பக்கம். ஒரே கட்டடம் என்பதே போதும், கூட்டுக் களவாணித்தனம் என்று எழுதிவிடலாம்.

---

பழைய ஃபைல்

மேலே சொன்ன இரண்டுமே தப்பு.

ஆலை எங்கே இருக்கிறது என்பது கணக்கே இல்லை. ஐபிசி (இன்சால்வன்சி அண்ட் பேங்க்ரப்ட்சி கோடு) 60(1) பிரிவு ரெஜிஸ்டர்டு ஆபீஸைத்தான் பார்க்கும். கோவை என்றால் சென்னை பெஞ்ச். லிக்விடேஷன் ஆர்டர் போட்டதும் அந்த பெஞ்ச்தான். அந்த கம்பெனி பெட்டிஷன் நம்பருக்குள்ளேயே இன்டர்லாக்யூட்டரி அப்ளிகேஷனாக, அதாவது ஐஏ-வாகப் போட வேண்டும். கொச்சியில் புதிதாக எதையும் நம்பர் செய்ய மாட்டார்கள். மேல்முறையீடு என்கிளாட் (என்சிஎல்டிக்கு மேலே உள்ள அப்பீல் டிரிப்யூனல்) சென்னை அமர்வுக்கு, 30 நாளுக்குள். தக்க காரணம் இருந்தால் இன்னும் 15 நாள், அதற்கு மேல் ஒரு நாள்கூடக் கிடையாது. ஆலை நில ஆவணம், பாலக்காட்டுப் புதுசேரி பஞ்சாயத்து ரசீது, யூனியன் கடிதம் என்று மலையாளத்தில் இருப்பதை அப்படியே இணைத்தால் ரெஜிஸ்ட்ரி டிஃபெக்ட் போடும். ஆங்கில மொழிபெயர்ப்போடு இணையுங்கள்.

இனி மூன்று உறுத்தல்கள். மூன்றும் ஒரே எடை இல்லை. மூன்றையும் ஒரே பத்தியில் கலந்து எழுதினால் மூன்றாவது முதலாவதைக் கெடுத்துவிடும்.

முதலாவது வலுவானது. லிக்விடேஷன் பிராசஸ் ரெகுலேஷன்ஸ் 2016, ரெகுலேஷன் 3(3)-ஐப் பாருங்கள். லிக்விடேட்டர் டைரக்டராகவோ பார்ட்னராகவோ இருக்கும் என்டிட்டியோ, அதன் வேறு டைரக்டரோ பார்ட்னரோ, இதே லிக்விடேஷனில் இன்னொரு ஸ்டேக்ஹோல்டரை (இதில் பணம் வர வேண்டியவரை) பிரதிநிதித்துவம் செய்தால் அவர் லிக்விடேட்டராகத் தொடரக் கூடாது என்று அது சொல்கிறது. பாரபட்சம் காட்டினாரா, நஷ்டம் வந்ததா என்று நிரூபிக்கச் சொல்லவில்லை. அந்த உறவு இருந்தாலே போதும். அதனால் உங்கள் சண்டை முழுக்க ஒரு சொல்லில் நிற்கிறது: அந்த டைரக்டர் கூட்டத்தில் பேங்கைப் பிரதிநிதித்துவம் செய்தாரா, சும்மா வந்து உட்கார்ந்தாரா? மினிட்ஸின் வருகைப் பட்டியலில் அவர் பெயருக்கு எதிரே என்ன எழுதியிருக்கிறது, பேங்க் கொடுத்த அதரைசேஷன் லெட்டர் இருக்கிறதா, இந்த இரண்டும்தான் உங்கள் வழக்கு.

இரண்டாவதும் கறுப்பு வெள்ளை. ரெகுலேஷன் 7(2): லிக்விடேஷன் தொடங்கிய தேதிக்கு முந்தைய 5 வருடத்தில் அந்தக் கம்பெனிக்கு ஆடிட்டராக இருந்தவரை லிக்விடேட்டர் நியமிக்கக் கூடாது. லிக்விடேட்டரின் உறவினரையும், கம்பெனியின் ரிலேட்டட் பார்ட்டியையும்கூட. 5 வருடத்தை லிக்விடேஷன் ஆர்டர் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள், இன்சால்வன்சி தொடங்கிய தேதியிலிருந்து அல்ல. சொத்துக்கு மதிப்புப் போடும் வேல்யூயருக்கு 35-ஆம் ரெகுலேஷனில் தனிப் பட்டியல் இருக்கிறது, அங்கே எண்ணும் தேதி வேறு. இரண்டையும் குழப்பி மனு எழுதி மாட்டிக்கொள்கிறார்கள். ஆனால் 7(2) மீறினால் அந்த சிஏ நிறுவனம் போகும். லிக்விடேட்டரே போக வேண்டும் என்று ஆகாது. அவருடைய கவனக்குறைவுக்கு அது சாட்சி, அவ்வளவுதான்.

மூன்றாவதை இப்போதைக்கு விடுங்கள். கோவையில் ஒரு கட்டடத்தில் நாற்பது ஆபீஸ் இருக்கும்.

மாற்றும் அதிகாரம் எங்கே இருக்கிறது என்பதில் எதிர்த்தரப்பு வக்கீல் கண்டிப்பாக ஒரு கல் எறிவார். ஐபிசியில் ஓடிக்கொண்டிருக்கும் லிக்விடேட்டரை நீக்க என்று தனிப் பிரிவு இல்லை; 34(4) நியமன நேரத்தில் ஆர்பியை மாற்றுவது பற்றியது. கம்பெனிச் சட்டம் 2013, 276-ஆம் பிரிவில் காரணங்கள் வரிசையாக இருக்கின்றன: தவறான நடத்தை, மோசடி, கவனமின்மை, செயல்பட இயலாமை, கடைசியாக நலன் முரண் அல்லது சுதந்திரமின்மை. அது கம்பெனிச் சட்டத்தின் கீழ் நடக்கும் வைண்டிங் அப்புக்கானது. இங்கே ஒப்புமையாகக் காட்டலாம், நேரடியாக அதன் கீழ் மனு போட்டால் அடிபடும். நியமிக்கும் அதிகாரத்தில் நீக்கும் அதிகாரமும் அடக்கம் என்கிற ஜெனரல் கிளாசஸ் சட்டம் 16-ஆம் பிரிவு, ஐபிசி 60(5), என்சிஎல்டி விதி 11, இந்த மூன்றும் தலைப்பில் இருக்கட்டும். லிக்விடேட்டருக்குப் பதவியில் ஒட்டிக்கொண்டிருக்கும் தனி உரிமை இல்லை என்று என்கிளாட் சொல்லியிருக்கிறது.

---

பேரேடு

ஆதாரம் எடுக்கும் வழியைச் சொல்கிறேன். பெரும்பாலான மனுக்கள் இங்கேதான் சாகின்றன. "நம்பகமாகத் தெரிய வருகிறது" என்று அஃபிடவிட்டில் எழுதினால் பெஞ்ச் அடுத்த பக்கம் திருப்பாது.

முதலில் மினிட்ஸ். ரெகுலேஷன் 5-ன் கீழ் ஸ்டேக்ஹோல்டர் கேட்டால் ரிப்போர்ட்டுகளையும் மினிட்ஸையும் லிக்விடேட்டர் கொடுத்தாக வேண்டும். மூன்று நிபந்தனை: எழுத்தில் விண்ணப்பம், நகல் செலவு, ரகசியம் காப்பேன் என்றும் இதை வைத்து முறையற்ற லாபமோ நஷ்டமோ உண்டாக்க மாட்டேன் என்றும் ஒரு அண்டர்டேக்கிங். இந்த அண்டர்டேக்கிங் இல்லாமல் கேட்டுவிட்டு "தர மறுக்கிறார்" என்று புகார் செய்பவர்கள் நிறைய. ஒரு விலக்கு: சொத்து விவரமும் மதிப்பும் அடங்கிய அசெட் மெமோரண்டம். அதை டிரிப்யூனல் அனுமதி இல்லாமல் யாருக்கும் காட்டக் கூடாது. அதைச் சேர்த்துக் கேட்டால் அதைச் சாக்காக வைத்து மொத்தத்தையும் மறுப்பார்.

அடுத்து எம்சிஏ (மத்திய கம்பெனி விவகார அமைச்சகம்) தளம். வியூ பப்ளிக் டாக்குமென்ட்ஸில் கம்பெனிக்கு 100 ரூபாய். ஆடிட்டர் நியமனம் ஃபார்ம் ஏடிடி-1-ல் இருக்கும், விலகல் ஏடிடி-3-ல். ஆனால் நியமனத் தேதியை மட்டும் நம்பாதீர்கள். கடைசியாக அவர்கள் கையெழுத்துப் போட்ட பேலன்ஸ் ஷீட் ஏஓசி-4 இணைப்பில் இருக்கும், அந்தக் கையெழுத்துத் தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். ஆடிட் நிறுவனம் பெயரை மாற்றியிருந்தாலும் ஃபர்ம் ரெஜிஸ்ட்ரேஷன் நம்பரைப் பார்த்தால் பிடித்துவிடலாம்.

என்டிட்டியின் டைரக்டர் பட்டியலுக்கு ஐபிபிஐ (இன்சால்வன்சி புரொஃபஷனல்களைக் கண்காணிக்கும் போர்டு) தளம். கூட்டம் நடந்த தேதியில் அந்த இரண்டாமவர் டைரக்டராக இருந்தாரா என்பதுதான் கேள்வி, இன்று இருக்கிறாரா என்பதல்ல. எம்சிஏ-வில் அவருடைய டிஐஎன் (டைரக்டர் அடையாள எண்) எடுத்து நியமனத் தேதியையும் விலகல் தேதியையும் பிரிண்ட் எடுங்கள். நோட்டீஸ் போனதும் மறுவாரமே ஃபார்ம் டிஐஆர்-12 போட்டு விலகிவிட்டதாகக் காட்டுவது பழைய வித்தை.

---

சித்தூர்க்காரன்

ரொம்ப நன்றி. மினிட்ஸ் நகல் எங்களில் ஒருவரிடம் இருக்கிறது. "பேங்க் தரப்பில்" என்ற தலைப்பின் கீழ் அந்த டைரக்டர் பெயர், பக்கத்தில் "ஆலோசகர்" என்று போட்டிருக்கிறது. அதரைசேஷன் லெட்டர் பார்க்கவில்லை. ஆடிட் நிறுவனம் கடைசியாகக் கையெழுத்துப் போட்டது லிக்விடேஷன் ஆர்டருக்கு 3 வருடம் 8 மாதம் முன்னால். ஏலம் இன்னும் 19 நாளில். கமிட்டியில் ஓட்டெடுப்பு வைத்து மாற்றலாம் என்று ஒருவர் சொல்கிறார். நடக்குமா? ஏலத்துக்குத் தடை கேட்கலாமா?

---

வாளையார் ரோடு

ஓட்டெடுப்பை மறந்துவிடுங்கள். அதே ரெகுலேஷன்ஸில் 2022 செப்டம்பர் திருத்தத்தில் வந்த 31ஏ(11) அது. காரணத்தை எழுதி, 66% ஓட்டில் மாற்ற முன்மொழிந்து, புதியவரின் சம்மதத்தை ஃபார்ம் ஏஏ-யில் வாங்கி, கமிட்டியே டிரிப்யூனலுக்குப் போக வேண்டும். 84% கையில் வைத்திருக்கும் பேங்க்தான் இங்கே குற்றச்சாட்டின் மறுமுனை. அது தன் ஆலோசகரின் கூட்டாளிக்கு எதிராக ஓட்டுப் போடுமா? ஆனால் கமிட்டியை முழுக்க ஒதுக்காதீர்கள். அடுத்த கூட்டத்தில் உங்கள் ஆட்சேபத்தை எழுத்தில் கொடுத்து மினிட்ஸில் ஏற்றச் சொல்லுங்கள். "இத்தனை மாதம் ஏன் சும்மா இருந்தீர்கள்" என்ற கேள்விக்கு அதுதான் பதில்.

எனக்கு ஒரு மாற்றுக் கருத்தும் உண்டு. நீக்கம் எப்போதும் பாக்கி வர வேண்டியவனுக்கு நல்லதல்ல. புதியவர் வந்து ஃபைல் படிக்க இரண்டு மாதம், அதற்குள் கஞ்சிக்கோட்டில் செக்யூரிட்டிச் சம்பளம், கரன்ட் பில், மழையில் துருப்பிடிக்கும் ரோல் ஸ்டாண்ட். எல்லாம் லிக்விடேஷன் காஸ்ட். பணம் பிரிக்கும் வரிசையைச் சொல்லும் ஐபிசி 53-ஆம் பிரிவில் முதல் படியில் உட்காருவது அந்தச் செலவு. தொழிலாளர்களின் 24 மாதச் சம்பளமும் அடமான உரிமையை விட்டுக்கொடுத்த பேங்கும் அடுத்த படி. சப்ளையர்கள் அதற்கும் நாலு படி கீழே. தாமதத்தின் ஒவ்வொரு ரூபாயும் கீழே இருப்பவன் பையிலிருந்துதான் போகும். பேங்குக்கே முழுத்தொகை வராத கணக்கு என்றால் உங்கள் 1.62 கோடிக்கு என்ன வரும் என்று முதலில் உட்கார்ந்து போட்டுப் பாருங்கள்.

நீக்கத்துக்குக் குறைந்த பரிகாரமும் இருக்கிறது. முரண் ஒரே ஒரு வேலையில் இருந்தால், அதாவது பேங்கின் கிளெய்மைச் சரிபார்ப்பது, கம்பெனி பேங்குக்கு மட்டும் முன்னுரிமையாகக் கொடுத்த பணத்தைத் திருப்பக் கேட்பது போன்றவை, அந்த வேலையை மட்டும் வேறொருவரிடம் கொடுக்கக் கேட்கலாம். இங்கிலாந்தில் இதற்கென்றே கூடுதல் லிக்விடேட்டரை நியமிப்பது வழக்கம். இங்கே பெஞ்ச் ஒத்துக்கொள்வது கஷ்டம்தான், ஆனால் மாற்று வேண்டுகோளாக இரண்டாம் இடத்தில் எழுதிவைத்தால் நஷ்டமில்லை.

---

பழைய ஃபைல்

வாளையார் ரோடு சார் சொன்ன செலவுக் கணக்கு சரி. ஆனால் 3(3) பொருந்தினால் பாதி வேலையை மாற்றிக்கொடு என்பது எடுபடாது. "தொடரக் கூடாது" என்பது ரெகுலேஷனின் சொல். அதைத் தாண்டிக் கருணை காட்ட இடமில்லை. மினிட்ஸில் "பேங்க் தரப்பில்" என்றே இருப்பது உங்களுக்கு நல்ல காலம்.

"ஆலோசகர்" என்ற சொல்லை வைத்து அவர் தப்பப் பார்ப்பார்: ஆலோசனை சொன்னார், பிரதிநிதித்துவம் செய்யவில்லை என்று. அந்தக் கூட்டத்தில் பேங்க் ஆபீசர் யாராவது வந்திருந்தாரா? வரவில்லை என்றால் பேங்கின் ஓட்டை யார் போட்டது? அந்த ஒரு வரியை மினிட்ஸில் தேடுங்கள்.

இரண்டாவது படி 3(2). ஸ்டேக்ஹோல்டருடனோ கம்பெனியுடனோ பண உறவோ சொந்த உறவோ இருந்தால், தெரிந்தவுடன் ஐபிபிஐக்கும் டிரிப்யூனலுக்கும் சொல்ல வேண்டும். உறவை மறைத்தது, உறவைவிட மோசமாகப் பார்க்கப்படும். ஆஸ்திரேலியாவில் வால்டன் கன்ஸ்ட்ரக்‌ஷன்ஸ் வழக்கு, 2014, ஃபெடரல் கோர்ட்டின் முழு பெஞ்ச்: கம்பெனி விழுவதற்கு முன் அதற்கு ஆலோசனை சொன்ன நிறுவனமே லிக்விடேட்டர்களுக்கு வேலை அனுப்பிக்கொண்டிருந்தது. அவர்கள் தப்பு செய்தார்கள் என்று கோர்ட் சொல்லவில்லை. நியாயமாகப் பார்க்கும் வெளியாள் ஒருவருக்குச் சந்தேகம் வரும் என்பதே போதும் என்று எடுத்துவிட்டது. நம் ஊரில் அது கட்டுப்படுத்தாது. ஒரு பத்தியில் தொட்டுவிட்டுப் போகலாம். மெட்டனெரே, என்கிளாட், 2020 மே: பேங்கின் முன்னாள் ஊழியரை இடைக்கால ஆர்பியாக அந்த பேங்க் முன்மொழிந்த வழக்கு. எல்லோரும் அதைத்தான் முதலில் எடுப்பார்கள். அது தொடக்க நிலை நியமனம், லிக்விடேஷன் இல்லை. உச்ச நீதிமன்றத்துக்கும் போன வழக்கு, அங்கே என்ன ஆனது என்று படிக்காமல் மேற்கோள் காட்டாதீர்கள்.

ஏலத் தடை: நேராகத் தடை கேட்டால் மறுப்பு வர வாய்ப்பு அதிகம். 11 சப்ளையர்களுக்காக மொத்த விற்பனையையும் நிறுத்தத் தயங்குவார்கள். பதிலாக, ஏலம் நடக்கட்டும், விற்பனை இந்த ஐஏ-வின் முடிவுக்குக் கட்டுப்பட்டது என்று பதியச் சொல்லுங்கள். ஐஏ முடியும்வரை சேல் சர்ட்டிஃபிகேட் கொடுக்கக் கூடாது என்றும். ஏலம் எடுத்தவருக்கு மீதிப் பணம் கட்ட 90 நாள் உண்டு. 30 நாளுக்குப் பிறகு 12% வட்டி. அந்த இடைவெளி உங்களுக்குப் போதும். சேல் சர்ட்டிஃபிகேட் போய்விட்டால் மூன்றாம் ஆளின் உரிமை வந்து உட்கார்ந்துவிடும், பிறகு லிக்விடேட்டரை எடுத்தும் ஒன்றும் ஆகாது.

அந்தக் கட்டட விஷயத்துக்கு இங்கேதான் உபயோகம். பிரைவேட் சேல் பேச்சு வந்தால் 33-ஆம் ரெகுலேஷனை எடுங்கள்: லிக்விடேட்டரின் ரிலேட்டட் பார்ட்டிக்கோ அவர் நியமித்த புரொஃபஷனலுக்கோ டிரிப்யூனல் அனுமதி இல்லாமல் தனியாக விற்கக் கூடாது. வாங்குபவரோடு கூட்டு இருப்பதாக நம்பக் காரணம் இருந்தால் விற்பனையை நிறுத்தி அவரே ரிப்போர்ட் கொடுக்க வேண்டும்.

மனுவில் பொதுவாக நடக்கும் பிசகுகள், நினைவுக்கு வந்த வரிசையில். கிளெய்ம் குறைத்து ஏற்றதையும் இதிலேயே புலம்புவது: அதற்கு ஐபிசி 42-ஆம் பிரிவு அப்பீல், 14 நாள், தனி மனு, கலந்தால் பழிவாங்குகிறான் என்று படும். 11 பேரும் கையெழுத்துப் போட அலைவது: முழுத் தொகையும் ஏற்கப்பட்ட ஒருவர் பெயரில் போட்டு, மற்றவர்கள் ஆதரவு அஃபிடவிட் கொடுங்கள். யாரைப் புதிதாக நியமிப்பது என்று சொல்லாமல் விடுவது: பெயர் சொல்லலாம், ஆனால் அவர் உங்களுக்கு வேண்டியவர் என்று எதிர்த்தரப்பு அதே கல்லைத் திருப்பி எறியும், ஐபிபிஐ பேனலிலிருந்து நியமிக்கக் கேட்பது பாதுகாப்பு. ஒப்படைப்பு உத்தரவு கேட்க மறப்பது: பேங்க் அக்கவுன்ட், டேலி டேட்டா, ஆலைச் சாவி, கிளெய்ம் ஃபைல்கள், ஈ-ஏல லாகின், எல்லாம் இத்தனை நாளுக்குள் என்று தேதியோடு. இது இல்லாமல் நீக்க உத்தரவு மட்டும் வாங்கி, டேலி பாஸ்வேர்டுக்கு மாதக்கணக்கில் அலைய நேரும்.

---

பேரேடு

ஐபிபிஐக்குத் தனியாகப் புகார் போடுவதையும் சொல்லிவிடுகிறேன். புகாருக்கு 2,500 ரூபாய், ஃபார்ம் ஏ. வீண் புகார் இல்லை என்றால் திரும்ப வரும். சம்பவம் நடந்து 45 நாளுக்குள் போடுவது நல்லது. ஆனால் அது ஒழுங்கு நடவடிக்கைக்கான பாதை. அதனால் நாற்காலி காலியாகாது. முதலில் ஐபிபிஐ, பிறகு டிரிப்யூனல் என்று காத்திருந்தால் 19 நாள் போய்விடும். இரண்டையும் ஒரே வாரத்தில் போடுங்கள்.

---

சித்தூர்க்காரன்

புரிந்தது. மினிட்ஸை மறுபடி பார்த்தேன். அன்று பேங்க் ஆபீசர் யாரும் வரவில்லை, ஓட்டுப் பதிவில் பேங்குக்கு எதிரே அந்த ஆலோசகர் பெயர்தான். நாளைக்கே லிக்விடேட்டருக்குக் கடிதம் அனுப்புகிறோம். எப்படி எழுதுவது?

---

பழைய ஃபைல்

சுருக்கமாக எழுதுங்கள். குற்றச்சாட்டு வேண்டாம், கேள்வி மட்டும். அவர் எழுத்தில் கொடுக்கும் பதில்தான் உங்கள் முதல் அனெக்ஸர். ஆங்கிலத்தில் இந்தக் கருத்து வரட்டும்:

"இன்ன தேதி கமிட்டிக் கூட்டத்தில் பேங்க் தரப்பில் கலந்துகொண்டு ஓட்டளித்த இன்னார், தாங்கள் டைரக்டராக உள்ள என்டிட்டியில் அன்று டைரக்டராக இருந்தாரா? பேங்க் அவருக்கு அளித்த அதரைசேஷன் நகலைத் தரவும். ரெகுலேஷன் 3(2)-ன் கீழ் இது பற்றித் தாங்கள் டிரிப்யூனலுக்கும் ஐபிபிஐக்கும் தெரிவித்த நகலையும், தேதியையும் தரவும். ரெகுலேஷன் 7-ன் கீழ் நியமித்த சிஏ நிறுவனத்தின் நியமனக் கடிதத்தையும் அவர்கள் அளித்த டிஸ்க்ளோஷரையும் தரவும். 5 நாளுக்குள் பதில் எதிர்பார்க்கிறோம்."

ரெகுலேஷன் 5-க்கான அண்டர்டேக்கிங்கை அதே கவரில் வையுங்கள். பப்ளிக் அனவுன்ஸ்மென்ட்டில் அவர் கொடுத்திருக்கும் ஈமெயிலுக்கு ஒன்று, அதே முகவரிக்கு ஸ்பீட் போஸ்ட் ஒன்று. வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள். ஐஏ டிராஃப்டை இந்த 5 நாளுக்குள் முடித்து வைத்துக்கொள்ளுங்கள். பதில் வந்தால் ஒரு பத்தி சேரும், வராவிட்டால் "பதில் இல்லை" என்று ஒரு வரி சேரும்.